பெரிய வீட்டுக்குப் போன பாத்திரம்

ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் ஏ.சி. போட்ட அறைகள் இரண்டு. ஒன்று முதலாளி வைகுண்டராஜின் அறை. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டிலிருந்தபடியே பெரும்பாலும் வேலை பார்ப்பார் என்பதால், அந்த அறை பூட்டியே கிடக்கும். மற்றது கம்ப்யூட்டர் அறை. அங்கே ஏ.சி. இரவும் பகலும் ஓடும். அது மனிதர்களுக்காகப் போட்டது அல்ல. அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஹமீது உட்கார்ந்திருந்தார்.

குளிரில் சுகமாக உட்காருவதற்காகத்தான் ஹமீது அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. நான் அந்தக் கம்பெனியின் டைம் ஆபீசில் இருந்தவன். யாரை எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்ற உத்தரவு என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஹமீதுக்கு இளைப்பு நோய். பஞ்சு பிரிக்கும் பகுதியில் சில வருடங்கள் நின்றதில் வந்தது. தூசி இல்லாத இடத்தில் இருந்தால் மூச்சு வரும், தூசிக்குப் போனால் நெஞ்சு விசிலடிக்கும். கம்பெனியில் தூசி இல்லாத, பூட்டாத இடம் அந்த ஒரு அறைதான்.

இனி அவர் கதை.

ஹமீதின் குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தது. அவருடைய அண்ணன் நைனா முகமதுதான் கடையை நடத்தியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஹமீது அங்கே உதவியாக இருந்தார். அண்டா, குண்டா, தாம்பாளம், வாளி, கரண்டி என்று எல்லாவற்றிலும் கடைப் பெயரைப் பொறித்து வைத்திருப்பார்கள். முகூர்த்த நாள் வந்தால் எல்லாம் வண்டியேறிவிடும். கல்யாணம் முடிந்த மறுநாள் ஹமீது சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வருவார்.

அந்தக் கடையில் அவர் இரண்டு பாடங்களைக் கற்றார். முதலாவது, கடை காலியாகக் கிடந்தால் மகிழ வேண்டும். பாத்திரமெல்லாம் வரிசையாக அடுக்கி மினுக்கிக்கொண்டிருந்தால் அது வியாபாரம் படுத்துவிட்டதற்கு அடையாளம். ஆடி மாதத்தில் அப்படித்தான் இருக்கும். கல்யாணம் இல்லை, எல்லாப் பாத்திரமும் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டாவது பாடத்தை நைனா முகமது அடிக்கடி சொல்வார்.

"ஏலே, எந்த வீட்டுக்கு வேணாலும் போய்ப் பாத்திரம் கேளு. பெரிய வீட்டுக்கு மட்டும் போயிராத. அவியளா அனுப்புனா அனுப்பட்டும். நாம போய் வாசல்ல நின்னு அண்டாவக் குடுங்கன்னா, நம்பலயான்னு கேட்டுருவாக. அடுத்த கல்யாணத்துக்கு வேற கடைக்குப் போயிருவாக."

இதனால் அந்தக் கடையின் அண்டாக்களில் சில, ஊரின் பெரிய வீடுகளில் நெல் கொட்டி வைக்கவும் வெந்நீர் போடவும் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவற்றில் கடைப் பெயர் மட்டும் கடைக்குச் சொந்தமாக இருந்தது.

கடை இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடாது என்று தெரிந்ததும் ஹமீது எங்கள் கம்பெனிக்கு வந்தார். பஞ்சுப் பகுதி, இளைப்பு, ஆஸ்பத்திரி. அதன் பிறகு, டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் டெலக்ஸ் மெஷினுக்கு மாற்றினார்கள். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் இருக்கும்போதே கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு முறையும் புது மெஷினை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹமீது பக்கத்தில் வைத்தார்கள். அவர் அறிவைப் பார்த்து வைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில், வெளிநாட்டில் எங்கள் துணியை வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியாள் நுழையாமல் காவல் வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் பயர்வால் என்ற பெட்டி வந்தது. பார்க்க டேப் ரிக்கார்டர் மாதிரி தட்டையாக இருக்கும். வெளியிலிருந்து எது வந்தாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசும் முதலாளி வீடும் ராஜபாளையத்துக் கணக்கு மெஷினைத் தொட்டாலும், எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். போகிற ஒவ்வொரு தொடர்பையும் பெட்டி தன் மெமரியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி ஞாபகம் வைத்துக்கொள்ளும். பேச்சு முடிந்தது என்று இரண்டு பக்கமும் சொன்னால் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். யாராவது முடிக்காமல் போய்விட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே துண்டித்துவிடும்.

பெட்டியை வைக்க மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் தவசிமுத்து இதையெல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். முதல் வாரத்திலேயே முதலாளி போன் செய்தார்.

"ஏம்வே, நான் செத்த நேரம் சாப்பிட்டுட்டு வாரதுக்குள்ள எவன் என் லைனைக் கட் பண்ணது?"

"பெட்டிதான் சார். சும்மா இருந்தா அதுவே துண்டிச்சிரும். பாதுகாப்புக்கு."

"என் கம்பெனி, என் லைன், என் பெட்டி. நான் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வருவேன். அது பேசாம காத்துக்கிட்டு இருக்கணும்."

தவசிமுத்து வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, தானாகத் துண்டிக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டார். எல்லோருக்குமே எடுத்துவிட்டார்.

ஹமீதின் வேலை, ஒரு கறுப்புத் திரையில் அந்தப் பெட்டியின் மெமரிக் கணக்கைப் பார்ப்பது. நான்கு எண்கள் வரும். மொத்தம் எவ்வளவு, உபயோகத்தில் எவ்வளவு, மீதி எவ்வளவு, கடைசியாகப் பெட்டியை ஆன் செய்ததிலிருந்து மீதி எந்த அளவுவரை குறைந்தது. பாத்திரக் கடைக்காரருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் புரிதல்தான் அவரை முதலில் கெடுத்தது.

முதலாளியின் மருமகன் பொன்னுராஜ் ஒருநாள் உள்ளே வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர், சுறுசுறுப்பானவர்.

"பாய், பெட்டி எப்படி இருக்கு?"

"அமோகமா இருக்கு சார்." ஹமீதின் முகத்தில் பெருமை. "மீதின்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. அம்புட்டும் வெளிய போயிருக்கு. ஒரு துண்டு சும்மா கெடக்கல."

"அது நல்லதா?"

"நல்ல ஓட்டம் சார்! முகூர்த்தக் காலம் மாதிரி!"

பொன்னுராஜ் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் பெட்டி நின்றுவிட்டது. புதிதாக வரும் தொடர்புக்குக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. கப்பலேற வேண்டிய சரக்கின் தாள்கள் போகாமல் நின்றன. முதலாளி நேரில் வந்தார்.

"நல்ல ஓட்டம்னு சொன்னது யாரு?"

பொன்னுராஜ் ஹமீதைப் பார்த்தார். ஹமீது பெட்டியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ இது நின்னா, பாய் எடைமேடைக்குப் போகட்டும். மதுரையிலருந்து படிச்ச பய ஒருத்தன இங்க போட்டுக்கிடலாம்."

எங்கள் எடைமேடை பஞ்சு குடோனின் வாசலில் இருக்கிறது. லாரிகள் வந்து நிற்கும்போது பறக்கும் தூசியில் அங்கே எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. ஹமீது வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் மனைவி நசீமா, "எடைமேடைன்னா கபர்ஸ்தானுக்குப் பக்கம்" என்று மட்டும் சொன்னாராம்.

பெட்டியைக் காப்பாற்றும் பொறுப்பைப் பொன்னுராஜ் எடுத்துக்கொண்டார். பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் மெமரி முழுவதும் காலியாகி, எண்கள் பளிச்சென்று இருப்பதை அவர் கவனித்திருந்தார்.

"மாமா, மனுசனே காலையில எந்திரிச்சுக் குளிக்கான். பெட்டிய அழுக்கோட வச்சிருந்தா எப்படி?"

"குளிப்பாட்டு," என்றார் முதலாளி.

அன்றிலிருந்து தினமும் காலை பொன்னுராஜ் வந்து பெட்டியைக் குளிப்பாட்டினார். குளித்து வந்த பெட்டிக்கு முந்தைய நாளின் பசி ஞாபகத்தில் இருக்காது. மீதி எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் அந்த நான்காவது எண்ணும் புதிதாகப் பிறந்துவிடும். எண்கள் அழகாக இருந்தன. அதே நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் காலை பில்களைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்; பாதி போட்ட பில்கள் பாதியிலேயே செத்தன. புகார் வந்தபோது, பெட்டி இன்னும் முழுதாகச் சுத்தமாகவில்லை என்று பொன்னுராஜ் விளக்கம் சொன்னார். மாலையிலும் ஒரு குளியல் சேர்க்கலாமா என்று யோசனை நடந்தது.

ஹமீது தவசிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"மீதி குறைஞ்சா பயப்படாதீங்க பாய்," என்றார் தவசிமுத்து. "பெட்டி மெமரியை உபயோகிக்கத்தான் செய்யும். நிறைஞ்சிருந்தா சந்தோசப்படவும் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்துல திரும்பி வருதான்னு பாருங்க. அது மட்டும்தான் கேள்வி. ஆனா அதுக்கு நடுவுல யாரும் ரீஸ்டார்ட் பண்ணக் கூடாது."

பொன்னுராஜிடம் குளிப்பாட்டாதே என்று சொல்ல ஹமீதுக்கு வழி இல்லை. தளவாய்புரத்தில் பொன்னுராஜின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. முந்தின நாளே போனவர் ஞாயிற்றுக்கிழமைவரை அங்கேயே தங்கிவிட்டார். பெட்டி குளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஹமீது சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பியாச்சு?" என்றார் நசீமா.

"பெட்டியப் பாத்துட்டு வாரேன்."

"லீவு நாள்லயும் அதுகிட்டயா? அதுக்கு ஒரு நிக்காஹ் பண்ணி வச்சிருங்க. மஹர் என்ன கேக்குதுன்னு விசாரிங்க."

அன்று கம்பெனி விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசும் விடுமுறை. ஒருவரும் ஒரு மெஷினையும் தொடவில்லை. ஹமீது கறுப்புத் திரையில் எண்களை வரவழைத்துப் பார்த்தார். மெமரி திரும்பி வந்திருக்கவில்லை.

இதை அவர் பிறகு என்னிடம் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன். "ஆடி மாசம்னு வச்சுக்கிடுங்க அண்ணே. ஊர்ல ஒரு கல்யாணம் கெடையாது. கடையில வந்து பாத்தா அண்டாவக் காணோம். அப்ப என்ன அர்த்தம்? ஓட்டம் இல்ல. எவனோ திருப்பித் தரல."

எந்தெந்த வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்பதையும் பெட்டி காட்டும். அதற்கு வேறொரு கட்டளை. அதைப் போட்டதும் வரிசையாக வந்தது. ஏறக்குறைய எல்லாம் ஒரே முகவரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸ் மெஷின். நடுநடுவே இன்னொரு முகவரி. அது முதலாளி வீடு.

மறுநாள் மாலை ஹமீது பஸ்ஸில் வீடு திரும்பும்போது நேராக அந்த ஆபீசுக்குப் போனார். தெற்கு ரத வீதிக்குப் பக்கத்தில், முன்பு முதலாளியின் தகப்பனார், பெரிய முதலாளி, கடை வைத்திருந்த கட்டிடம். அங்கே பில் போடும் மெஷினில் உட்காருபவர் சுந்தரம்மாள். கணவர் இறந்தபோது பெரிய முதலாளியே கூப்பிட்டு வேலை கொடுத்தார். வேறு ஆதரவு கிடையாது.

அப்போதுதான் கடைசி லாரி போயிருந்தது. சுந்தரம்மாள் பெரிய முதலாளியின் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, வந்து கடைசி பில்லைப் போட்டார். திரை ஒரு கேள்வி கேட்டது. அவர் திரையைக் கும்பிட்டார். எழுந்து போய் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அமர்த்தினார். ஆபீஸ் இருட்டாகிவிட்டது, விளக்கு மட்டும் எரிந்தது.

"அக்கா, அது என்னமோ கேட்டுச்சே?"

"கணக்க முடிச்சிரவான்னு கேக்குது தம்பி. வெளக்கு வச்ச பொறவு கணக்க முடிப்பாகளா? இந்த வாசல்ல அந்தப் பழக்கமே கெடையாது. வரவு எழுதலாம், முடிக்கக் கூடாது. பெரிய மொதலாளி இருந்திருந்தா அந்த மெஷினத் தூக்கித் தெருவுல போட்டிருப்பாக."

"அப்ப வெளக்குக்கு முந்தி முடிச்சிரலாம்லா?"

"லாரிக்காரன் வந்தாத்தான? அவன் சுந்தரபாண்டியத்துல டீ குடிச்சுட்டு ஆடி அசஞ்சு வருதான்."

"சரி, வேண்டாம்னு அடிக்கலாம்ல?"

"அடிச்சுப் பாத்தாச்சு. கடன்காரன் மாதிரி மறுபடியும் அதையே கேக்கான். அதான் கும்பிட்டுட்டு மெயின அமத்திருதேன். காலையில புதுசாத் தொறந்துக்கிடுதேன். ஏன் தம்பி, ஏதும் தப்பா?"

ஹமீதுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு மாலையும் இவர் பேச்சை முடிக்காமல் எழுந்து போகிறார். ராஜபாளையத்தில் பெட்டி, முதலாளி உத்தரவுப்படி, வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது. பகலிலும் கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் அதேபோல ஒரு தொடர்பு அநாதையாகிறது.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாக்க வந்தேன்."

ஹமீதுக்கு இப்போது பெட்டியின் நோய் தெரியும். அதைச் சொல்லத்தான் வழி தெரியவில்லை. சுந்தரம்மாள் பெயரைச் சொன்னால் பொன்னுராஜ் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்புவார். உத்தரவின் பெயரைச் சொன்னால் முதலாளி, "அப்ப நான்தான் பெட்டியக் கெடுத்தேனா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் கம்பெனியில் எவரும் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால், பெட்டி ஒருநாள் நிற்கும், எடைமேடை.

அவர் தவசிமுத்துவுக்குப் போன் போட்டார். ஆபீசில் விளக்கு வைத்தபின் கணக்கை முடிக்காமல் மெயினை அமர்த்தும் பழக்கத்தைச் சொல்லி, தானாகத் துண்டிக்கும் ஏற்பாட்டைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டார்.

"நான் முதல்லயே அதைத்தானே சொன்னேன்," என்றார் தவசிமுத்து. "எல்லாருக்கும் போட்டுறவா?"

"ஆபீசுக்குப் போடுங்க சார். மொதலாளி வீட்டுக்கு மட்டும் வேண்டாம்."

"பாய், ஒரு வீட்டுக்கு மட்டும் தனி விதி எழுதுறது எவ்வளவு சிரமம் தெரியுமா? சுத்தி வளைச்சு எழுதணும். அவரும் அதே மாதிரிதான மெயின அமத்துவாரு? அவுக அப்பா பழக்கம்தான?"

"இருக்கட்டும் சார். அவிய ஒருத்தர்தான். சாப்பிடப் போயிருப்பாக."

தவசிமுத்து முனகிக்கொண்டே சுற்றி வளைத்து எழுதிக் கொடுத்தார். முதலாளிக்கு எதுவும் சொல்லவில்லை.

பெட்டி அமைதியாகிவிட்டது. கல்யாணத்திலிருந்து திரும்பிய பொன்னுராஜ் சில நாட்கள் குளிப்பாட்டினார். குளிப்பாட்டாத நாளிலும் எண்கள் அழகாகவே இருப்பதைக் கண்டு, சலிப்பு ஏற்பட்டு விட்டுவிட்டார். ஆயுத பூஜையன்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும், "தினமும் கைப்பட சுத்தம் செய்து பெட்டியைப் பழக்கிவிட்டார்" என்று சொல்லி மருமகனுக்குச் சால்வை போர்த்தினார். ஹமீதும் கைதட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வாரம் முதலாளி கணக்குப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டார். "நிக்காத பெட்டிக்குக் காவலுக்கு ஆள் எதுக்கு?"

நியாயமான கேள்வி. உத்தரவு என் மேஜைக்கு வந்தது. பெட்டி நின்றால் எடைமேடை என்றுதான் ஹமீதை மிரட்டியிருந்தார்கள். பெட்டி நிற்காததால் அவர் எடைமேடைக்குப் போனார்.

அந்தக் குளிர்காலத்தை அவர் வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு கழித்தார். லாரி வந்து நின்றதும் அவர் இருமுவது டைம் ஆபீஸ்வரை கேட்கும். கம்ப்யூட்டர் அறையில் பெட்டி மட்டும் குளிரில் தனியாக இருந்தது. நாற்காலியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பங்குனியில் அவர் ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்தார். நசீமா வந்து அவருடைய லீவு விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தபோது, "எம்புட்டு நாள்னு எழுத?" என்று கேட்டேன். "எடைமேடை இருக்குற வரைக்கும்னு எழுதுங்க," என்றார்.

அவர் திரும்பி வந்த பிறகு, சித்திரையில் ஒருநாள் பெட்டி நின்றது.

பொன்னுராஜுக்கு வைத்தியம் தெரியும். ஓடிப்போய்க் குளிப்பாட்டினார். பெட்டி எழுந்துகொண்டது. ஆனால் அந்த நேரம் முதலாளி வீட்டில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஒரு நீளமான விலைப்பட்டியலைக் கணக்கு மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டி நின்றது அவருக்குத் தெரியாது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களை அது துண்டிக்காது. குளிப்பாட்டியதில்தான் அவருடைய பட்டியல் முழுவதும் போனது. போன் அலறியது.

"எவன்டா என் லைனைக் கட் பண்ணது?"

"மாமா, பெட்டி அழுக்காயிருந்துச்சு, அதான்..."

"அழுக்கா? என் காலை வேலை பூராவும் போச்சேடா! இனிமே அந்தப் பெட்டிய எவனும் குளிப்பாட்டக் கூடாது. நிக்கவும் கூடாது. எவன் கண்டுபிடிச்சான் இந்தக் குளிப்பாட்டுற வேலைய?"

சால்வையைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தவசிமுத்துவைக் கேட்டார்கள். பழைய தொடர்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடலாம், இப்போது பேசிக்கொண்டிருப்பதைத் தொடாமல். ஆனால் எது பழையது, எது நடப்பது என்று தினமும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். யாருக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, ஹமீது பாய்க்குத் தெரியும் என்றார். உத்தரவு மறுபடியும் என் மேஜைக்கு வந்தது. நாற்காலியை ஃபேக்டரி கேன்டீனில் கண்டுபிடித்தோம்.

அதன் பிறகு ஹமீது ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தார். காலையில் வந்ததும் கறுப்புத் திரையைப் போடுவார். பெட்டியில் பெரும்பகுதி காலியாக இருக்கும். முதலாளி வீட்டு முகவரியில் மட்டும் முந்தின நாள் விட்டுப்போன தொடர்பு ஒன்று காத்துக்கொண்டிருக்கும். நடப்பதைத் தொடாமல் அதை மட்டும் எடுத்துவிடுவார். அவருடைய ஒருநாள் வேலை அதோடு முடிந்தது.

நான் ஒருமுறை கேட்டேன். "ஏன் பாய், அன்னைக்கே மொதலாளி வீட்டுக்கும் சேத்து விதி போட்டிருந்தா, பெட்டி எப்பவுமே நின்னிருக்காதுல்லா?"

"நின்னிருக்காது."

"பொறவு ஏன் விட்டீரு?"

"பெரிய வீட்டு வாசல்ல போய்ப் பாத்திரம் கேக்கக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லுவாரு."

"மரியாதைக்கா? இல்ல, இப்படி ஒருநாள் உம்மக் கூப்பிடுவாகன்னு தெரிஞ்சா?"

ஹமீது மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். விசில் சத்தம் எதுவும் வரவில்லை.

"உக்காருங்க அண்ணே," என்றார். "ஒரே நாற்காலிதான். நான் நின்னுக்கிடுதேன்."